வேலூரில் ஒரு செவ்வாய் அறை: கருவிகளைச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

இதில் சொல்லியிருப்பதை முழுக்கச் செய்து முடித்தால் உங்களிடம் சுமார் 32 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு துருப்பிடிக்காத எஃகு அறை இருக்கும். உள்ளே செவ்வாய்க் கிரகத்தில் இருப்பதுபோல 6.5 மில்லிபார் கரியமில வாயு, கருவி உட்காரும் தட்டு மைனஸ் 60 டிகிரியை ஒட்டி. கல்லூரி அளவில் செய்யும் சென்சார் பெட்டி, சின்ன கேமரா, ரோவரின் ஒரு மூட்டு ஆகியவற்றைச் சோதிக்க இது போதும்.

காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இதை இரண்டு முறை கட்டினேன். முதல் முறை கட்டியது தப்பு. அதற்குப் பிறகு வந்த மாணவர்கள் சறுக்கிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன். அநேகமாக எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கருவியை அவசரப்பட்டு உள்ளே வைத்துவிடுகிறார்கள். காலி அறை சொன்னபடி கேட்கிற வரைக்கும் கருவி வெளியில் மேசைமேல் இருக்கட்டும். கீழே உள்ள படிகளில் பாதி காலி அறைக்கானவை. அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. கேள்வியை எழுதுங்கள்

"செவ்வாயில் வேலை செய்யுமா?" என்று கேட்டால் எந்த அறையாலும் பதில் சொல்ல முடியாது. "மைனஸ் 55 டிகிரியில் ஆறு மணி நேரம் அணைந்து கிடந்தபின், மின்சாரம் கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் ஒரு டிகிரி பிழைக்குள் அளக்கிறதா?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். இப்படி மூன்று, அதிகம் போனால் நான்கு கேள்விகள். எது தேர்ச்சி, எது தோல்வி என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அளவுகள் வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் மனசு கருவியின் பக்கம் சாய்ந்துவிடும்.

எந்த இடத்துச் செவ்வாய் என்பதையும் முடிவு செய்யுங்கள். தரையில் காற்றழுத்தம் சராசரியாக 6 முதல் 7 மில்லிபார். ஹெல்லஸ் பள்ளத்தின் அடியில் 12 வரை போகும், ஒலிம்பஸ் மான்ஸ் உச்சியில் 1-க்கும் கீழே. காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு, மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜனும் ஆர்கானும். சராசரி வெப்பநிலை மைனஸ் 60 அளவில். நிலநடுக்கோட்டுப் பக்கம் பகலில் தரை பூஜ்யத்துக்கு மேலேயும் ஏறும், இரவில் மைனஸ் 90-ஐத் தொடும்.

அப்புறம், உங்கள் சென்சாரின் விவரத்தாளை ஒருமுறை படியுங்கள். செவ்வாயின் காற்றழுத்தத்தை அளக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு பிஎம்பி 280 சென்சாரோடு வந்தவர்கள் உண்டு. அது அளப்பதே 300 முதல் 1100 மில்லிபார் வரைதான். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க அறை வேண்டாம், ஐந்து நிமிட வாசிப்பு போதும்.

2. வராதவற்றை ஒதுக்குங்கள்

ஈர்ப்பு விசை வராது. செவ்வாயில் பூமியின் 38 சதவீதம்தான். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் 25 அடி அகல அறைக்குள் இன்ஜெனியூவிட்டி ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டபோதுகூட, எடையைக் குறைக்க மேலிருந்து ஒரு கயிற்றால் இழுத்துத்தான் பிடித்தார்கள். நாம் அதைச் செய்யப்போவதில்லை. அசையும் கை, மூடி இருந்தால் எதிர் எடை கட்டிச் சாதாரண அறையில் தனியாகச் சோதியுங்கள். கதிர்வீச்சும் வராது. இரண்டையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

பம்ப்: ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இரண்டு கட்ட ரோட்டரி வாக்வம் பம்ப் தாராளம். செவ்வாயின் அழுத்தம் வாக்வம்காரர்கள் கணக்கில் ஒன்றுமே இல்லை. அந்தப் பம்ப் அதைவிட நூறு மடங்குக்கும் கீழே இறங்கும். கேஸ் பேலஸ்ட் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஈரக்காற்றை இழுக்கும்போது அதைத் திறந்து வைக்காவிட்டால் தண்ணீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் மோர் மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இது நிச்சயம் நடக்கும்.

கேஜ் (அழுத்தமானி): இங்கே காசைச் சேமிக்காதீர்கள். முள் ஓடும் வட்ட கேஜ் இந்த வேலைக்கு உதவாது. அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். நம் ஊர்ப் பக்கம் வெளிக்காற்றின் அழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்திலும் மாலை நாலு மணியளவில் தாழ்விலும் இருக்கும். வித்தியாசம் மூன்று, நான்கு மில்லிபார். உங்கள் கேஜின் பூஜ்யமே மத்தியானத்துக்குள் பாதிச் செவ்வாய் அளவு நகர்ந்துவிடும். பிரானி வகையும் வேண்டாம். அது வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்துக் கணக்கிடுவது. காற்றுக்கு அளவு செய்ததைக் கரியமில வாயுவில் வைத்தால் தப்பாகச் சொல்லும், 6 மில்லிபார் பக்கம் மந்தமும் ஆகிவிடும். எந்த வாயுவானாலும் ஒரே மாதிரி அளக்கும் டயஃப்ரம் வகை கேஜ், முழு அழுத்தத்தை நேராகக் காட்டுவது, பழையதாகக் கிடைத்தாலும் அதை வாங்குங்கள்.

வாயு: வெல்டிங்குக்கு வரும் கரியமில வாயு சிலிண்டர் போதும். அதில் கொஞ்சம் ஈரம் இருக்கும், சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய் வழியாக விடுங்கள். ரெகுலேட்டருக்குப் பின்னால் ஒரு நுண் ஊசி வால்வு அவசியம். சிலிண்டரை வெயிலில் வைக்கவே கூடாது. 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே போய்விடும். அதற்குப் பிறகு சூடு ஏற ஏற அழுத்தம் வேகமாக ஏறும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சிலிண்டர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு ட்ரை ஐஸும் (உறைந்த கரியமில வாயு) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும். ட்ரை ஐஸ் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தால் தெர்மாகோல் பெட்டியில், மூடியை இறுக்கி ஒட்டாமல் கொண்டுவாருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் கொண்டுவருவது ஆபத்து. கரைந்து வரும் வாயு மூச்சை அடைக்கும். சோதனை செய்யும் அறையிலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குனிந்து வேலை செய்பவருக்குத்தான் முதலில் தலை சுற்றும். கரியமில வாயு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கணுக்கால் உயரத்தில் மாட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் பகுதியின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

4. அறை

12 அங்குல விட்டமுள்ள, 6 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாத எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாய், நீளம் 450 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர் தகடு வைத்து முழு வெல்டிங். மறுபக்கம் ஃபிளான்ஜ் (மூடி உட்காரும் விளிம்பு), அதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கு லேத்தில் வெட்டிய காடி. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் இந்த அளவுத் துண்டுக் குழாய் கேட்டால் கிடைக்கும், காயலான் கடையிலும் தேடலாம். சாதாரண இரும்பு மலிவு, ஆனால் துரு பிடிக்கும். துரு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பம்ப் ஓடும்போது மெல்ல மெல்ல விடும்.

வெல்டரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள்: வெல்டிங் உள்பக்கம் தொடர்ச்சியாக வரவேண்டும், வெளிப்பக்கம் விட்டுவிட்டு இருந்தால் போதும். இரண்டு பக்கமும் முழுசாக அடித்தால் நடுவில் காற்று சிறைப்பட்டு, மாதக்கணக்கில் கசியும். அவருக்கு இது தலைகீழாகத் தெரியும். "சார், தண்ணித் தொட்டிக்கே நாங்க ரெண்டு பக்கமும் அடிப்போம்" என்பார். பரவாயில்லை, பக்கத்தில் நின்று செய்து வாங்குங்கள். உள்ளே வரும் திருகுகளின் நடுவிலும் ஒரு மெல்லிய துளை போடுங்கள், காரணம் அதேதான்.

மூடிக்கு 25 மில்லிமீட்டர் அக்ரிலிக். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல் காற்று ஏறத்தாழ 700 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் "12 மில்லிமீட்டர் போதாதா?" என்ற கேள்வி வராது. அக்ரிலிக்கை ஆல்கஹாலாலோ அசிட்டோனாலோ துடைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து அழுத்தத்தில் உடையும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கல்யாண வீட்டு எவர்சில்வர் அண்டாவை அறையாக்கலாம் என்று ஒரு குழு கிளம்பியது. பம்ப் ஓடிய ஒரு நிமிடத்துக்குள் அண்டா காகிதக் கப் மாதிரி நசுங்கியது. பெரிய குக்கரும் இதே கதைதான். உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரம், வெளியிலிருந்து அமுக்குவதைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை.

5. ஒயர்களும் குளிர்க் கிண்ணமும்

பின் தகட்டில் மூன்று வழிகள் வேண்டும்: பம்ப் குழாய்க்கு ஒன்று, கேஜுக்கும் வாயுவுக்கும் ஒன்று, ஒயர்களுக்கு ஒன்று. பம்ப் குழாயில் கட்டாயம் ஒரு பந்து வால்வு. கரன்ட் போன நொடியில் அதை மூட வேண்டும், இல்லாவிட்டால் அறையின் வாக்வம் பம்பிலிருக்கும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிவிடும். ஒருமுறை நான் டீ குடிக்கப் போன நேரத்தில் கரன்ட் போய், திரும்பி வந்து பார்த்தால் கேமரா லென்ஸ்மேல் எண்ணெய்ப் படலம். இப்போது மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் சோலனாய்ட் வால்வும் சேர்த்திருக்கிறேன்.

ஒயர் வழியைப் பித்தளை நிப்பிளுக்குள் எபாக்சி ஊற்றி அடைக்கலாம். இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் நாள்கணக்கில் திண்டாடுவார்கள். பல இழை ஒயரை அப்படியே வைத்து எபாக்சி ஊற்றினால் வெளிப்பக்கம் கல் மாதிரி அடைபடும். ஆனால் காற்று பிளாஸ்டிக் உறைக்குள் இழைகளின் நடுவே ஊர்ந்து வந்துவிடும். அடைக்கும் இடத்தில் உறையை உரித்துவிடுங்கள், அல்லது அந்தத் துண்டுக்கு மட்டும் ஒற்றைக் கம்பி எனாமல் ஒயர் போடுங்கள். இரண்டு மூன்று ஒயர்கள் அதிகமாகவே விட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும்.

குளிர்க் கிண்ணம் என்று நான் சொல்வது, அறையின் மேல்பக்கத்திலிருந்து உள்ளே இறங்கும் அடி மூடிய எஸ்எஸ் குழாய். அதன் அடியில் பட்டையான செம்புத் தகடு, அந்தத் தகட்டில் கருவித் தட்டை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ட்ரை ஐஸும் ஆல்கஹாலும் வெளியிலிருந்து கிண்ணத்துக்குள் போகும். அறைக்குள் எந்தத் திரவமும் போகாது. குழாயைச் சுற்றிச் செம்புச் சுருளில் குளிர் திரவம் ஓட்டும் முறையைத்தான் முதலில் செய்தேன். ஒரு பிரேசிங் மூட்டு கசிந்ததும் எல்லாம் போயிற்று.

ஓ-ரிங் காடி குளிர்க் கிண்ணத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். நைட்ரைல் ரப்பர் மைனஸ் 30-ஐத் தாண்டினாலே விறைக்கத் தொடங்கும், அப்புறம் சீல் பிடிக்காது. கிரீஸ் தடவும்போது விரலில் பளபளப்பு மட்டும் இருந்தால் போதும். அப்பிவிட்டால் தூசியை இழுத்து ஒட்டிக்கொண்டு அதுவே கசிவாகும்.

6. காலி அறையை இழுத்துப் பாருங்கள்

முதல் தடவை பம்பை ஓடவிடும்போது மூடிக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், மூடிமேல் ஒரு பழைய கம்பளியைப் போர்த்துங்கள், ஸ்விட்சைப் பக்கத்து அறையிலிருந்து போடுங்கள். பத்து நிமிடத்துக்குள் 1 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும்.

இறங்கியதும் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, ஒவ்வொரு நிமிடமும் அழுத்தத்தை எழுதுங்கள். ஒரு மணி நேரம். நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை. முதலில் வேகமாக ஏறிப் பிறகு சாய்ந்து படுத்தால் உள்ளே ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு. ஓட்டைக்கு ஒவ்வொரு இணைப்பாக அடைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்துக்கு ராத்திரி முழுக்கப் பம்பை ஓடவிட்டால் போதும். வரைபடம் போடாமல் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குவதுதான் வழக்கமான தவறு.

எவ்வளவு ஏற்றம் பரவாயில்லை? பத்து நிமிடத்தில் 0.1 மில்லிபார் ஏறுகிறது என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். நான்கு மணி நேரச் சோதனையில் 6.5 ஆக இருந்தது 8.9 ஆகிவிடும், அதில் கால் பங்குக்கு மேல் வேலூர்க் காற்று. இந்த ஏற்றம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை விடாதீர்கள். எனக்கு இதற்கே இரண்டு வாரம் ஆனது.

7. தண்ணீரை வைத்துக் கேஜைச் சரிபாருங்கள்

பழைய கேஜ் வாங்கியவர்களுக்கு இந்தப் படி. சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சின்னக் கிண்ணியில் அரையளவு ஊற்றி, அதில் தெர்மோகப்பிளின் (வெப்பநிலை அளக்கும் கம்பி) முனையை மூழ்கவைத்து, கேஸ் பேலஸ்ட்டைத் திறந்து மெதுவாக இழுங்கள். தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதிக்கும், கொதிக்கக் கொதிக்கக் குளிரும், கடைசியில் கொதித்துக்கொண்டே மேலே பனிக்கட்டி படியும். அந்தக் கட்டத்தில் வால்வை மூடுங்கள். தெர்மோகப்பிள் பூஜ்யத்தைக் காட்டும், கேஜ் 6.1 மில்லிபார் பக்கம் நிற்க வேண்டும். இயற்கையே கொடுத்த அளவுகோல் இது. தண்ணீரும் பனிக்கட்டியும் ஆவியும் சேர்ந்து இருக்கக்கூடிய ஒரே அழுத்தம், தற்செயலாகச் செவ்வாய்த் தரையின் அழுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செவ்வாயில் மலையின் உயரத்தை அளக்க "கடல் மட்டம்" எது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தபோது விஞ்ஞானிகள் முதலில் எடுத்துக்கொண்டதும் இந்த 6.1 மில்லிபாரைத்தான்.

கேஜ் 7 காட்டினால் பயப்பட வேண்டாம், வித்தியாசத்தை எழுதி வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். 10 காட்டினால் கேஜை மாற்றுங்கள். முடிந்ததும் பம்ப் எண்ணெயை மாற்றி, அறையை ஒரு நாள் காயவிடுங்கள்.

இந்தப் படி இன்னொன்றையும் சொல்லிக் கொடுக்கிறது. அறைக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலே 6 மில்லிபாரும் நீராவியாக இருக்கும், கரியமில வாயுவுக்கு இடமே இருக்காது. கேஜ் சரியான எண்ணைக் காட்டும், உள்ளே இருப்பது செவ்வாய் அல்ல. அட்டை, காகித லேபிள், பஞ்சு, மரத்துண்டு எதையும் உள்ளே விடாதீர்கள்.

8. கருவியைத் தயார் செய்யுங்கள்

இப்போதும் உள்ளே வைக்கப் போவதில்லை. மேசைமேல் வைத்து, சாதாரண வெப்பநிலையில் ஒரு நாள் முழுக்க ஓட்டி அளவுகளை எழுதுங்கள். பிற்பாடு ஒப்பிட இது ஒன்றுதான் ஆதாரம். முடிந்தால் இதே மாதிரி இரண்டாவது கருவி ஒன்றைச் செய்து எப்போதும் வெளியிலேயே வைத்திருங்கள்.

பிறகு பாகம் பாகமாகப் பாருங்கள்.

சாதாரண வணிகத் தரச் சிப்புகளுக்கு உத்தரவாதம் பூஜ்யம் டிகிரி வரைதான், தொழிற்சாலைத் தரத்துக்கு மைனஸ் 40. அதற்குக் கீழே ஓடினால் அது அந்தச் சிப்பின் பெருந்தன்மை. ஒரு சின்ன ஹீட்டர் தேவையா என்று இப்போதே யோசியுங்கள்.

பை வடிவ லித்தியம் பேட்டரி குறைந்த அழுத்தத்தில் பூரி மாதிரி உப்பும், பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் பாழாகும். முதல் சுற்றுகளுக்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அலுமினியம் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் திரவம் இருக்கிறது, குளிரில் அதன் கொள்ளளவு சரியும். செராமிக் அல்லது டான்டலம் வகைக்கு மாற்றுங்கள். பிவிசி ஒயர் குளிரில் விறைத்து வெடிக்கும். டெஃப்ளான் அல்லது சிலிக்கோன் உறை ஒயர் வேண்டும். ஹாட் குளூ எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் விட்டுவிடும்.

மோட்டார், சர்வோ இருந்தால் உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவி எடுங்கள், மைனஸ் 40-ல் அது மெழுகாகிவிடும். அதற்குப் பதிலாகப் பென்சில் தூளை, அதாவது கிராஃபைட்டைப் போடுவது பலருக்கும் வரும் யோசனை. கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஈரமில்லாத இடத்தில் அதுவே உரசித் தேய்க்கும். மாலிப்டினம் டைசல்பைடு தூள்தான் சரி.

300 வோல்ட்டுக்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று நிச்சயம் தேடுங்கள். செவ்வாயின் அழுத்தத்தில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்பது கரியமில வாயுவில் மின்பொறி மிகச் சுலபமாகப் பாயும் தூரத்தை ஒட்டியது; 420 வோல்ட் அளவிலேயே பாய்ந்துவிடும். கைகர் கவுன்டர் குழாய்க்கு 400 வோல்ட் கொடுக்கும் சர்க்யூட்டைப் பாருங்கள், நேராக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். குமிழி இல்லாமல் எபாக்சியில் மூழ்கடிக்க வேண்டும். ஒரே ஒரு குமிழி நின்றாலும் பொறி அதற்குள் பாயும்.

9. அழுத்தம் மட்டும்

இப்போது கருவியை உள்ளே வைக்கலாம், குளிர் இல்லாமல். காரணம் எளிது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துக் கருவி செத்தால் எதனால் செத்தது என்று தெரியாது.

1 மில்லிபாருக்கு இறக்குங்கள், கரியமில வாயுவை 500 வரை நிரப்புங்கள், மறுபடி இறக்குங்கள். இப்படி மூன்று முறை. முதல் சுற்றிலேயே மிச்சக் காற்று ஐந்நூறில் ஒரு பங்காகிவிடும், மூன்றாவது சுற்றில் கணக்கில் வராது. கடைசியில் 6.5-க்கு வந்ததும் ஊசி வால்வைச் சிறிது திறந்து, பம்ப் வால்வைச் சிறிது திறந்து, வருவதும் போவதும் சமமாகும்படி வையுங்கள். மூடிய அறையாக விடுவதைவிட இது மேல். கசிந்து வரும் காற்று தங்காமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். இந்தச் சமநிலைக்குக் கை பழக அரை நாள் ஆகும்.

முதலில் மாறுவது சூடு. செவ்வாய்க் காற்றின் அடர்த்தி நம் காற்றில் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். சூட்டை அள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. மேசைமேல் இளஞ்சூடாக இருந்த வோல்டேஜ் ரெகுலேட்டர் இங்கே கொதிக்கும். ஃபேன் சுற்றும், பயன் இருக்காது. குளிரான கிரகத்துக்குப் போகும் கருவி சூட்டில் செத்துப்போவதைப் பார்த்து மாணவர்கள் முழிப்பார்கள். சூடாகும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பிடி 100 வெப்பநிலை சென்சாரை ஒட்டி, அந்தச் சூடு தட்டுக்குப் போக அலுமினியப் பட்டை வழி செய்யுங்கள்.

10. குளிரைச் சேர்ப்பது

கிண்ணத்தில் முதலில் ஆல்கஹால், பிறகு ட்ரை ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தமாகப் போட்டால் பொங்கி வழியும். ஆல்கஹால் எரியும் பொருள். பக்கத்தில் ஸ்விட்ச், அடுப்பு, பீடி எதுவும் கூடாது. தோல் கையுறை போடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர் வரை தோலுக்குப் பேர்போன வட்டாரத்தில் இருந்துகொண்டு வெறுங்கையோடு ட்ரை ஐஸைத் தொடுகிறவர்களை என்ன சொல்ல.

நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். சர்க்யூட் பலகையும் அதன்மேல் இருக்கும் பாகங்களும் வெவ்வேறு அளவில் சுருங்கும், அவசரப்பட்டால் ஈயப் பற்றுகள் விரியும். தட்டு மைனஸ் 60-ஐ எட்டிவிட்டது என்பதால் கருவியும் எட்டிவிட்டதாக அர்த்தம் இல்லை. கருவியின் நடுவில் வைத்த சென்சார் அரை மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கும் குறைவாக நகரும்வரை காத்திருங்கள்.

திரவ நைட்ரஜன் கிடைக்கிறதே, இன்னும் சுலபமாகக் குளிரவைக்கலாமே என்று ஒரு தம்பி கொண்டுவந்தார். கிண்ணத்தில் ஊற்றியதும் அழுத்தம் தானாக இறங்கத் தொடங்கியது. "அண்ணா, பம்ப் சூப்பரா இழுக்குது" என்றார். பம்ப் அல்ல. 6 மில்லிபாரில் கரியமில வாயு மைனஸ் 125 அளவில் உறையும். மைனஸ் 196 டிகிரிக் கிண்ணத்தின்மேல் செவ்வாயின் காற்று முழுவதும் வெண்பனியாகப் படிந்துகொண்டிருந்தது. ட்ரை ஐஸோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூடிய பெட்டி, சீல் வைத்த குழாய் எதுவானாலும் குளிரில்தான் கசியும். சூடான மேசையில் வைத்துப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். செவ்வாய்க்குப் போன நாசாவின் இன்சைட் விண்கலத்தின் நில அதிர்வுமானியில் வாக்வம் கசிவு 2015 டிசம்பரில் மைனஸ் 45 டிகிரிச் சோதனையில்தான் தெரிந்தது. அதனால் 2016-இல் கிளம்ப வேண்டிய கலம் 2018 மே மாதம் கிளம்பியது. பூமியிலேயே தெரிந்தது அவர்கள் அதிர்ஷ்டம், குளிரில் வைத்துப் பார்த்ததன் பலன்.

11. அணைத்துவிட்டு எழுப்புங்கள்

ஓடிக்கொண்டே குளிரும் கருவி தன் சூட்டிலேயே தப்பித்துவிடும். உண்மையான பரீட்சை, அணைத்த நிலையில் குளிரவைத்து, அப்படியே ஆறு மணி நேரம் கிடத்தி, பிறகு சுவிட்ச் போடுவது. முதல் ஐந்து நொடியில் எடுக்கும் மின்னோட்டத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். மேசைமேல் பார்த்ததைப்போல இரண்டு மூன்று மடங்கு எடுத்தால் ஏதோ பாகம் திணறுகிறது.

எழுந்துவிட்டால் மறுபடி அணைத்து, சூடேற்றி, குளிரவைத்து, எழுப்புங்கள். ஐந்து சுற்றாவது. பற்று விரிசல்கள் முதல் சுற்றில் தெரியாது. லாகர் (அளவுகளைத் தானே பதியும் கருவி) ஓடினாலும் ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள்: நேரம், அழுத்தம், வெப்பநிலைகள், மின்னோட்டம், அந்த நேரத்தில் நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்பதும். கடைசியாகச் சொன்னதை எந்த லாகரும் எழுதாது.

12. திறக்கும் நேரம்

பொறுமை இல்லாதவர்கள் கருவியைக் கொல்லும் இடம் இது. மைனஸ் 60-ல் இருக்கும் பலகைமேல் வேலூரின் ஈரக்காற்றை விட்டால் நொடியில் உறைபனி, அடுத்த நிமிடம் அது தண்ணீர். செவ்வாயில் பிழைத்த கருவி நம் வீட்டுப் பனியில் ஷார்ட் ஆகும்.

மின்சாரத்தை நிறுத்துங்கள். கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். வாக்வத்திலேயே ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் எல்லாச் சென்சாரும் வெளி வெப்பநிலைக்கு வந்தபிறகு, சிலிக்கா ஜெல் வழியாக வாயுவை மெதுவாக விட்டு அழுத்தத்தைச் சமமாக்கி, அப்புறம் மூடியைத் திறங்கள். உள்ளே இருப்பது கரியமில வாயு, உடனே முகத்தை நுழைக்காதீர்கள்.

13. வெளிச்சம்

செவ்வாய்க்கு வரும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்குச் சராசரி 590 வாட், பூமிக்கு வருவதில் பாதிக்கும் குறைவு. வெப்பச் சோதனைக்கு ஹாலஜன் விளக்கு போதும். புற ஊதா வேண்டுமென்றால் அக்ரிலிக் மூடி வழியாக வராது, குவார்ட்ஸ் ஜன்னல் வேண்டும். கிருமிநாசினி விளக்கு 254 நானோமீட்டர் என்ற ஒரே கோட்டைத்தான் தரும். செவ்வாயில் 200-க்கு மேல் எல்லாமே தரைக்கு வரும். அந்த விளக்கை நேராகப் பார்த்தால் கண் போகும். உங்கள் கேள்விகளில் புற ஊதா இல்லையென்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள், நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

14. தூசி கடைசியில்

தூசி ஒருமுறை உள்ளே போனால் ஓ-ரிங், வால்வு, பம்ப் எல்லாவற்றிலும் ஏறும். அதற்குப் பிறகு சுத்தமான சோதனை கிடையாது. அதனால்தான் கடைசி.

எந்த மண்? நீரில்லா ஆறு என்று ஊரே கேலி செய்யும் பாலாற்றில் மணலுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அது பெரும்பாலும் வெண்கல் துகள். செவ்வாய் மண் பசால்ட் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. நம் மலைகளில் உடைக்கும் கருங்கல் ஜல்லியும் பசால்ட் அல்ல, பேரில்தான் கருமை. சித்தம்பூண்டி மண்ணைக் கேட்டு வருபவர்களும் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் கிடைக்கும் அந்த அனார்த்தோசைட் பாறையை இஸ்ரோ பொடித்துப் பயன்படுத்தியது சந்திரனின் மேட்டு நிலத்துக்காக, செவ்வாய்க்குப் பொருந்தாது. கறுப்பு கிரானைட் என்று விற்பதில் டோலரைட் வகை இருக்கிறது, அது வேதியியலில் பசால்ட்டின் உறவு. அறுத்துப் பாலிஷ் போடும் இடத்துச் சேறு வேண்டாம், அதில் சாணைத்தூள் கலந்திருக்கும். உடைந்த துண்டை வாங்கி நீங்களே பொடித்துச் சலியுங்கள். பொடிக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம், கல்தூசி நுரையீரலை விட்டுப் போகாது. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் இருக்கிறதே, அதையும் கலக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அது தீயைத் தூண்டும் பொருள், பின்கட்டில் வைத்து விளையாடுவதற்கில்லை.

பொடியை 110 டிகிரியில் ஒரு நாள் காயவைத்துப் போடுங்கள். பம்ப் குழாயில் வடிகட்டி மாட்டி, மிக மெதுவாக இழுங்கள். மண்ணுக்குள் இருக்கும் காற்று வேகமாக வெளியேறினால் பொடி கொதிக்கும் கஞ்சிபோல் துள்ளிக் கருவிமேல் விழும். எனக்கு அப்படித்தான் முதல் தடவையிலேயே தூசிப் புயல் கிடைத்தது, கேட்காமலே.

முடிந்ததும் கருவியைத் துடைக்காமல் அப்படியே மேசைமேல் வைத்து, 8-ஆம் படியில் செய்த ஒரு நாள் ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். எண்கள் விலகியிருந்தால் நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டி, எந்தச் சுற்றில் விலகத் தொடங்கியது என்று தேடுங்கள். அந்தச் சுற்றை மட்டும், வெளியில் வைத்திருந்த இரண்டாவது கருவியைக் கொண்டு மறுபடி நடத்துங்கள்.